வேர் இறங்காத முளைப்பாரி

எனக்கு எழுபத்து மூன்று வயது ஆகிறது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். நான்கு நான் பெற்றது, இரண்டு என் கொழுந்தன் விட்டுவிட்டுப் போனது. ஆறில் ஒன்றுகூடப் பசிக்கிறது என்று அடுத்த வாசலில் போய் நின்றதில்லை. அந்தத் திமிர் எனக்கு உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும்.

ஏழாவதாக ஒன்றை வளர்த்துக்கொண்டிருந்தேன். இளைய மகனின் பிள்ளை, மூன்று வயது. அது இன்றைக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறது. நாளைக் காலையில் அனுப்பிவிடுவோம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோங்கள், அந்த வீட்டுக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள் என்றும் சொன்னார். என் மகனோ, அந்த வீட்டைத் தவிர வேறெங்கும் என் பிள்ளை போகாது என்கிறான். விடிந்தால் பிள்ளை எங்கே போகும் என்பது இந்த நிமிடம்வரை எனக்குத் தெரியாது.

எங்கள் வீடு தாராவியில் இருக்கிறது. கீழே பட்டறை, மேலே நாங்கள் இருக்கிற ஒற்றை அறைக் கோலி. நடுவில் இரும்பு ஏணி. கீழே அடுப்பு மூட்டினால் மேலே எங்கள் காலுக்குச் சூடு தெரியும். பட்டறையை ஆரம்பித்தவர் என் வீட்டுக்காரர். அவர் எண்ணெய் டப்பா, தகரம், இரும்பு என்று பங்கார், பழைய சாமான் வாங்கித் தட்டி நிமிர்த்தி விற்றார். என் மகன் கைக்கு வந்தபிறகு தகரம் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. பழைய கம்ப்யூட்டர், டிவி, இன்வெர்ட்டர் எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். உள்ளே இருக்கிற பச்சைப் பலகையை அடுப்பில் காட்டினால் பற்றுவைத்த காரீயம் கண்ணீர் மாதிரி உருகிச் சொட்டும். அதைப் பிடித்துக் கட்டியாக ஊற்றுவார்கள். மிச்சத்தை ஒரு ஆசிட் தண்ணீரில் போட்டுக் கழுவுவார்கள். அந்தத் தண்ணீரையும் சாம்பலையும் பின்னால் கொட்டிவிடுவார்கள்.

பின்னால் என்றால், பட்டறைச் சுவருக்கும் நாலா என்கிற சாக்கடைக்கும் நடுவில் ஒரு கட்டில் அகலத்துக்கு மண் தரை. எங்கள் சந்தில் சிமென்ட் போடாத இடம் அது ஒன்றுதான். எனக்கு அதில் பெருமை. இந்த நெரிசலில் யாருக்கு மண் இருக்கிறது? அதில் துளசி வைத்தேன், கருகிப் போனது. கறிவேப்பிலை வைத்தேன், வைத்த உயரத்திலேயே நின்று பிறகு காய்ந்தது. பெருச்சாளி வேரைக் கடிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மழைக்காலத்தில் நாலா பொங்கிப் புது வண்டல் படியும்போது, அடுத்த செடியாவது வரும் என்று இருப்பேன்.

பேரன் தவழ ஆரம்பித்ததும் அந்த மண்ணில்தான். பட்டறையில் ஆணியும் கண்ணாடியும் கிடக்கும், மேலே ஏணி. அந்த இடம்தான் பத்திரம் என்று நாங்களே கொண்டு உட்கார வைத்தோம். பால்குடி மறக்கும்வரை கொழுகொழு என்று இருந்தான். “ஆச்சி” என்பான், தண்ணீர் கேட்க “பானி” என்பான், அடுப்புச் சத்தம் போல “புஸ்” என்பான். பிறகு மண் தின்ன ஆரம்பித்தான். வாயைத் திறந்து விரலை விட்டுத் துடைத்தாலும் கன்னக் கொடுப்புக்குள் ஒளித்து வைத்திருப்பான். பூச்சி மருந்து கொடுத்தோம். வேப்பிலை அரைத்துக் கொடுத்தோம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவான். முதலில் “பானி” நின்றது, பிறகு “புஸ்” நின்றது. கடைசியாக “ஆச்சி” நின்றது. தண்ணீர் வேண்டுமென்றால் செம்பைத் தட்டினான்.

“ஆம்பிளைப் பிள்ள தாமசமாத்தான் பேசும். நீ ஏம்மா கெடந்து பயப்படுதே?” என்றான் மகன்.

“பேசாத பிள்ளைக்குத்தாம்லே தாமசம். இவன் பேசிட்டுல்லா நிறுத்திட்டான்” என்றேன். அவன் எழுந்து போனான். கீழே அடுப்பைக் கூட்டிவிட்டான்.

வேறு வழி தெரியாமல் அம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். பிள்ளைக்கு வாய் வரட்டும், ஆடிக் கொடைக்கு முளைப்பாரி எடுக்கிறேன் என்று.

எங்கள் சந்துப் பெண்கள் எல்லாரும் திருநெல்வேலிப் பக்கத்துக்காரிகள். கோயில் பக்கத்தில் ஒரு கோலியைக் கழுவி, சன்னலுக்குச் சாக்குக் கட்டி இருட்டாக்கி, ஆளுக்கொரு சட்டியில் பயறு விதைத்து வைப்போம். சாயங்காலம் தண்ணீர் தெளித்துக் கும்மி அடிப்போம். இருட்டில் வளர்கிற பயிர் வெளுத்து, மெல்லிசாக, முழ உயரத்துக்கு எழும்பும். யார் சட்டி நன்றாக வந்ததோ அந்த வீட்டுக்கு அம்மன் துணை. சட்டி குன்றிப்போனால் அந்த வீட்டுப் பெண்களைப் பார்த்துக் கண்ணைக் காட்டிப் பேசுவார்கள். சும்மா எடுக்கிறவர்கள் மாட்டுங்கா நர்சரியில் செம்மண் வாங்கி நிரப்புவார்கள். நேர்ந்து எடுக்கிறவளுக்கு அது ஆகாது. யாருக்காக நேர்கிறோமோ, அவர் மிதித்த மண்ணில்தான் விதைக்க வேண்டும். ஆள் யார் என்று அம்மனுக்கு அடையாளம் தெரிவதற்கு.

பேரன் மிதித்த மண் அவ்வளவும் அந்தக் கட்டில் அகலம்தான். நானே குனிந்து அள்ளினேன். கறுப்பாக, கொஞ்சம் மினுக்கமாக இருந்தது. வளமான மண் என்று சந்தோஷப்பட்டேன். அதைச் சல்லடையில் சலித்தேன், எருவைப் பொடித்துத் தூவினேன், பாசிப்பயறும் தட்டாம்பயறும் ஊறவைத்து விதைத்தேன். குறை என்று சொல்ல எதையும் நான் விடவில்லை.

முதல் சில நாள் எல்லார் சட்டியையும் போலத்தான் என் சட்டியும் முளைத்தது. என் மருமகள் அதைப் பார்த்துவிட்டு வந்து, தூங்குகிற பிள்ளையின் தலையைத் தடவி, “ஒம்பயிறு முளைச்சிட்டுடா” என்றாள். அன்றைக்கு அவள் முகத்தில் பார்த்த வெளிச்சத்தை அதற்கப்புறம் பார்க்கவில்லை.

பிறகு என் சட்டி நின்றுவிட்டது. சுற்றிலும் மற்றவர்களின் பயிர் எழும்ப எழும்ப, என்னுடையது மட்டும் நின்ற இடத்தில் நின்றது. தண்டு கருஞ்சிவப்பாகி, இலை ஓரம் சுருண்டது. கும்மி அடிக்கும்போது பெண்கள் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் குரலைத் தாழ்த்தினார்கள். எதிர் வீட்டுக்காரிக்குப் பொறுக்கவில்லை. எனக்கு அவள் மதினி முறை.

“மதினி, நான் சொல்லுதேன்னு நெனைக்காதிய. ஒங்க மருமவ தீட்டோட உள்ள காலு வச்சிருப்பா.”

“அவ வைக்கல. வந்தாலும் வாசப்படியோட நின்னு பாத்துட்டுப் போயிருதா.”

“பின்ன சட்டி சும்மாவா குன்னும்?”

“அதை அம்மங்கிட்டக் கேளு. ஒங்கிட்டச் சொல்லிட்டுத்தான் செய்வாளாக்கும், நீ என்ன அவளுக்கு மேனேஜரா?” என்றேன். பெண்கள் சிரித்தார்கள். நான் என் சட்டிக்கு இன்னொரு கை தண்ணீர் தெளித்தேன்.

என் மூத்த மகளின் பெண் எங்களோடு தங்கி மாட்டுங்காவில் காலேஜுக்குப் போகிறாள். செடி கொடி படிப்பு. அவள் அம்மா வீடு அம்பர்நாத்தில். அன்று அவளும் தண்ணீர் தெளிக்க வந்திருந்தாள். எல்லாரும் போனபிறகு என் சட்டியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவள், “ஆச்சி, ஒண்ணே ஒண்ணைப் பிடுங்கிப் பாக்கட்டா?” என்று கேட்டாள். கொடைக்கு முன்னால் பயிரைப் பிடுங்கக் கூடாது. தொடவே கூடாது. கூடாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “பிடுங்கு” என்று வந்தது.

என் சட்டியில் ஒன்று, எதிர் வீட்டு மதினியின் சட்டியில் ஒன்று, இரண்டையும் கழுவி என் உள்ளங்கையில் வைத்தாள். மதினியின் பயிருக்கு வெள்ளை நூல் மாதிரி வேர், விரல் நீளத்துக்கு மேலே, பக்கத்தில் மயிர் மயிராகச் சல்லிவேர். என் பயிருக்கு வேர் என்று ஒரு கட்டைதான் இருந்தது. நுனி பழுப்பேறி, தடித்து, கீழே போகாமல் பக்கவாட்டில் வளைந்து, சூடுபட்ட விரல் மடங்கினது போல. கழுத்துப் பக்கம் குட்டை குட்டையாக நாலைந்து முண்டு.

“பெருச்சாளியா?” என்று கேட்டேன். எனக்கே அது நம்பிக்கையில்லாத கேள்வி.

“இல்ல ஆச்சி. மண்ணுல காரீயம், காட்மியம் மாதிரி கூடுனா வேரு இப்டித்தான் ஆவும். படிச்சிருக்கேன், படமும் பாத்திருக்கேன்.”

“முதல்ல நல்லாத்தானட்டி வந்துது?”

“அது பயறுக்குள்ளயே இருந்த சாப்பாடு. அது தீந்தப்புறம் வேருதான் தேடிக் குடுக்கணும்.”

பிறகு அவள் விளக்கினாள். எனக்குப் புரிகிறவரை விடவில்லை நான். செடியின் கொழுந்தில் ஒரு சாறு ஊறுமாம். அதற்கு ஆக்சின் என்று பெயர். அது தண்டு வழியாக இறங்கி வேர் நுனிக்கு வந்து, இங்கே நீளு, இங்கே வளை, இங்கே கிளை விடு என்று சொல்லுமாம். விஷ உலோகம் உள்ளே ஏறினால் அந்தச் சாறு போகிற வழி குழம்பிவிடும். நுனிக்குப் போக வேண்டியது வேறெங்கோ தேங்கும். நுனி, சொல்ல ஆளில்லாமல் நின்றுவிடும். கீழே எது, மேலே எது என்பதுகூட வேருக்கு மறந்துபோகும். இன்னொன்றும் சொன்னாள். எத்திலீன் என்று ஒரு வாயு. வாழைத்தாருக்கு மூட்டம் போட்டுப் புகையில் பழுக்க வைக்கிறோமே, அந்தப் புகையில் இருப்பது அதுதானாம். அது பயிருக்குள்ளும் உண்டாகுமாம். கஷ்டம் வந்தால் அளவு மீறிச் சுரந்து, வேரை நீளவிடாமல் தடிக்க வைக்கும். பிஞ்சு பிஞ்சாக இருக்கும்போதே கிழடு தட்டிவிடும்.

நான் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

“அப்போ பிள்ளைக்கும் இதுதானா?”

“செடி வேற, பிள்ள வேற ஆச்சி. பிள்ள ஒடம்புல இந்தச் சாறு கெடையாது. அவனுக்கு வேற மாதிரி. ரத்தம், மூளை…” என்று இழுத்தாள். பிறகு, “ஆனா மண்ணு ஒண்ணுதான்” என்றாள்.

அன்றைக்கே மகனிடம் சொன்னோம். ரத்தம் எடுத்துப் பார்ப்போம் என்றோம். அவன் கையைக் கழுவிக்கொண்டே கேட்டான்.

“பயறு முளைக்கலன்னா எம்பிள்ளைக்கு ஊசி போடணுமா?”

“மாமா, ஒரு டெஸ்ட்தானே…”

“நீ சும்மா இரு பிள்ள. நானும் அதே மண்ணுலதான் தவழ்ந்தேன். எனக்கு என்ன கொம்பா மொளைச்சிட்டு?”

“நீ தவழும்போது ஒங்கப்பா டப்பா தட்டிக்கிட்டிருந்தாருலே. காரீயத்தை அடுப்புல வச்சது நீதான்” என்றேன்.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் சொல்லப் போவதில்லை. அவன் கெட்டவன் இல்லை. ஒரு நாள் உடம்பு முடியவில்லை என்று படுத்தவன் இல்லை. அந்த அடுப்பில்தான் எங்கள் சோறு வெந்தது. அதை நான் எப்படி மறுப்பேன்? கஞ்சியும் அதுதான், நஞ்சும் அதுதான் என்றால் ஒரு தாய் எதைப் பிடித்துக்கொண்டு பேசுவாள்?

கொடை அன்று மழை விட்டிருந்தது. சட்டிகளைக் கோயில் முற்றத்துக்குக் கொண்டுவந்து வரிசையாக வைத்தோம். எல்லாம் பசும்பொன் நிறத்தில் நிற்க, என்னுடையது மொட்டைத் தலை மாதிரி இருந்தது. மதினி சும்மா இருந்தாலும் மற்றவர்கள் சும்மா இல்லை. ஒருத்தி என் மருமகளின் முகத்துக்கு நேராகவே, “வயித்துல பெத்ததையும் ஊமையாக்கிட்டா, சட்டியையும் கருக்கிட்டா” என்றாள். மருமகள் பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் பொறுத்திருப்பேன்.

நான் போய் என் சட்டியை எடுத்தேன். தலையில் வைக்கப் போகிறேன் என்று குலவை போட வாயெடுத்தார்கள். நான் அதை முற்றத்தில் கவிழ்த்தேன்.

குலவை பாதியில் நின்றது. பூசாரி, “ஆச்சி, என்ன செய்தீய!” என்று ஓடி வந்தார். நான் அந்த மண்கட்டியை உடைத்து வேரைப் பிடித்துத் தூக்கிக் காட்டினேன்.

“பாருங்க எல்லாரும். தீட்டு எம்மருமவ காலுல இல்ல. எங்க பட்டறை மண்ணுல இருக்கு. இந்த மண்ணைத்தான் எம்பேரன் திங்கான். ஒங்க பிள்ளைகளும் அந்த நாலா ஓரத்துலதான் வெளையாடுது. போயி ஒங்க ஒங்க வாசல்ல தோண்டிப் பாருங்க.”

எதிர் வீட்டு மதினி தன் சின்னப் பேத்தியைக் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தலைக்கு மேலே எடுத்துப் போக வேண்டியதைக் காலடியில் போட்டுவிட்டேன். அம்மன் என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று தோன்றியது.

மகன் அன்றைக்கு என் கையால் சாப்பிடவில்லை. “ஊருக்கு முன்னால எம்பொழைப்பைக் கொட்டிக் கவுத்திட்டியே. முனிசிபாலிட்டிக்காரன் காதுக்குப் போனா நாளைக்கே பட்டறைக்குப் பூட்டு. அப்போ யாரு திங்கது, யாரு போடுதது?” என்றான்.

மறுநாள் காலையில் பிள்ளைக்கு வலிப்பு வந்தது. மருமகள் அவனுக்குப் பால் ஆற்றிக்கொண்டிருந்தாள். கண் மேலே செருகி, பல் கிட்டி, உடம்பு வில்லாக வளைந்தது. முதலில் தூக்கிக்கொண்டு ஓடியது என் மகன்தான். செருப்புக்கூடப் போடவில்லை. சந்து முழுக்க “ஹட்டோ, ஹட்டோ, வழி விடுங்க” என்று கத்திக்கொண்டு அவன் ஓடினதை நான் ஏணியில் நின்று பார்த்தேன். ஆறு பேரை வளர்த்த உடம்பு இது. ஒரு படி இறங்க முடியவில்லை.

ரத்தம் எடுத்தார்கள். டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி, “வீட்டில் என்ன தொழில்?” என்பது. என் மகன் தரையைப் பார்த்தான். பேத்திதான் சொன்னாள். காரீயத்தைப் பிடித்து வெளியே இழுக்கிற மருந்தை ஏற்றுகிறார்களாம். வலிப்பு நின்றுவிட்டது. போன பேச்சு வருமா என்று கேட்டேன். சிலது வரலாம், எவ்வளவு என்று இப்போது சொல்ல முடியாது என்றார். திரும்ப அதே இடத்தில் கொண்டு வைத்தால் மருந்து இழுத்ததெல்லாம் மறுபடி ஏறும். அப்போது என்னிடம் கொண்டு வராதீர்கள் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார்.

வராந்தாவில் வைத்து மகனிடம் பேசினேன். பிள்ளையையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு அம்பர்நாத்தில் மகள் வீட்டுக்குப் போகிறேன் என்றேன்.

“போயிட்டா? இதை இடிச்சி மாத்து வீடு குடுக்க சர்வேக்காரன் கதவுல நம்பர் போட்டுட்டுப் போயிருக்கான், திரும்ப வருவான். பொம்பளையும் பிள்ளையும் இல்லேன்னா இது வெறும் பட்டறைன்னு எழுதிருவான். கோலி போச்சு. அவனுக்குன்னு நான் வச்சிட்டுப் போறதுக்கு வேற என்னம்மா இருக்கு?”

“அவனே இல்லாத கோலி யாருக்குலே?”

முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. அவன் அப்பா செத்த அன்று பார்த்தது, அதற்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறேன். ஆனாலும் “சரி” என்று ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வரவில்லை.

மகளுக்குப் போன் போட்டேன். “வாம்மா, கூட்டிட்டு வா. ஆனா எங்க ஊரு மண்ணு மட்டும் என்ன சந்தனமா? சுத்திக் கெமிக்கல் கம்பெனி” என்றாள். மூன்றாவது மாடி, அங்கே அள்ளித் தின்ன மண் இல்லை, காற்றை அவன் கொடுப்புக்குள் ஒளித்து வைக்க மாட்டான் என்றேன். அவள் சிரித்தாள், பிறகு அழுதாள். சுத்தமான இடம் என்று ஒன்றை நான் தேடவில்லை. கொஞ்சம் குறைவான விஷம் எங்கே கிடைக்கும் என்று தேடுகிறேன். இந்த வயதில் என் பிரார்த்தனை அவ்வளவுக்கு வந்து நிற்கிறது.

இப்போது மருமகள் ஆஸ்பத்திரியில் பிள்ளையோடு இருக்கிறாள். மகன் குளித்து உடுப்பு மாற்ற வந்தவன், கீழே பட்டறையில் உட்கார்ந்திருக்கிறான். அடுப்பைப் பற்றவைக்கவில்லை, விளக்கும் போடவில்லை. ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போகவும் இல்லை. நான் முகம் பார்த்துப் பேசினால் அவன் எழுந்து போய்விடுவான். என் பேச்சுக்கு அவனிடம் பதில் இருக்கிறது. எழுதினதற்கு எதிர்ப்பேச்சு பேச முடியாது, உட்கார்ந்து கேட்கத்தான் வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவும் பொறுமையாகச் சொல்லி, பேத்தி, உன்னை எழுத வைத்தேன்.

“எனக்குத் தமிழ் வாசிக்கத் தட்டுத்தடுமாறித்தான் வரும் ஆச்சி. இந்தியில சொல்லிரட்டுமா?”

வேண்டாம். நான் சொன்னபடியே இருக்கட்டும். தடுமாறினாலும் பரவாயில்லை, நிறுத்தி நிறுத்தியே வாசி. ஏணிப்பக்கம் தள்ளி உட்கார். உன் மாமனுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாக, முதலிலிருந்து வாசி, தாயி.